பள்ளிக்கூடத்தில் வேலை

1

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் வருடத்தில் ஒரு நாளை எங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு என்றால், கட்டடத்தைத் திறந்து பூட்டி, கூட்டித் துடைத்து, குழாயோ கதவோ பழுதானால் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேருக்கு. மற்றவர் போலந்துக்காரர். இங்கே எங்களைக் கஸ்ரோடியன் என்பார்கள். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஊரில் இருக்கும் சொற்கள் எல்லாம் ஆளைக் கூப்பிடுவதற்கு அல்ல, தள்ளி நிறுத்துவதற்கென்றே உண்டானவை போல இருக்கின்றன.

ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு சிறிய நகரம். சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஒக்ரோபரில் அந்த நாள் வந்தது. காலை பத்து மணிக்கு எல்லாப் பிள்ளைகளையும் விளையாட்டு மண்டபத்தில் இருத்தினார்கள். எங்கள் இரண்டு பேரையும் முன்னே கூப்பிட்டார்கள். வகுப்புக்கு ஒன்றாக வாழ்த்து அட்டைகள் வந்தன. முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னை வரைந்திருந்தது. படத்தில் நான் சின்ன ஆள், என் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து என்னைவிடப் பெரியது. அதிபர் அம்மா ஒலிவாங்கியை நீட்டினார். "நன்றி, நன்றி" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு நின்றேன்.

என் மகள் அபிரா அன்றைக்கு வந்திருந்தாள். ஆசிரியப் பயிற்சி படிக்கிறாள். இந்தப் பள்ளியில்தான் சின்னனில் படித்தவள். பிள்ளைகள் என்னைச் சுற்றி அட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, படம் எடுத்தாள். பக்கத்தில் வாளியும் மொப்பும் தெரிந்தன. எடுத்த கையோடு பேஸ்புக்கில் போட்டு, "என்ரை அப்பா" என்று தமிழில் எழுதினாள். அந்த இரண்டு சொல்லையும் பிழையில்லாமல் எழுதியிருந்தாள்.

கால் மணித்தியாலம் ஆகவில்லை, யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து அக்காவின் அழைப்பு வந்தது. அவவின் மகளுக்கு அப்போதுதான் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள்.

"தம்பி, உந்தப் படத்தை ஆர் போட்டது?"

"பிள்ளை போட்டவள். ஏன் அக்கா?"

"வாளியும் தும்புத்தடியுமா நிக்கிறாய். மாப்பிளையின்ரை தமக்கை உதைப் பாத்திட்டு எனக்கு எடுத்துக் கேக்கிறா, இது பொம்பிளையின்ரை தாய்மாமனோ எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது? நீ ஸ்கூலிலை வேலை எண்டெல்லோ சொல்லி வைச்சனான்."

"ஸ்கூலிலைதானே அக்கா நிக்கிறன்."

"பகிடி விடாதை. என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை. உடனை எடுக்கச் சொல்லு. நான் அவையளுக்கு ஏதோ தொண்டு வேலைக்குப் போனவன் எண்டு சொல்லிச் சமாளிக்கிறன்."

வீட்டுக்கு வந்து அபிராவிடம் சொன்னேன்.

"அதை எடுத்துவிடு பிள்ளை."

"ஏன் அப்பா?"

"மாமி ஆக்களுக்கு வெக்கமா இருக்காம்."

அவள் யோசித்தாள். "வெக்கம் எண்டா புது ஆக்களைக் கண்டா வாறதுதானே? கூச்சம். மாமிக்கு உங்களைத் தெரியும்தானே, பிறகு ஏன் வெக்கம்?"

வெட்கத்துக்கு அவளுக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். மற்றதை நான் விளக்கவில்லை. விளக்கினால் மாமியைப் பற்றி மட்டும் அல்ல, என்னைப் பற்றியும் சொல்ல வேண்டி வந்திருக்கும். அவள் படத்தை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் படம் ஒன்றையும் அவள் போடவில்லை.

அக்கா இதை வாசிப்பா. வாசிக்கட்டும்.

2

பத்தொன்பது வருடமாக இந்த வேலை. அதற்கு முதல் உணவகத்தில் கோப்பை கழுவினேன், தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். பள்ளிக்கூட வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது ஏழு பக்கப் படிவம் ஒன்று வந்தது. எந்த நாட்டில் படித்தீர், சான்றிதழ் எங்கே, அதை மொழிபெயர்த்தவர் யார், அவர் கையெழுத்தை உறுதிப்படுத்தியவர் யார். நான் உயர்தரம் படித்த பள்ளிக்கூடத்தின் முகவரிக்குக் கடிதம் போட்டுப் பார்த்தேன். மறுமொழி இல்லை. கடைசியில் இந்தப் பள்ளிக்கூடத்துக் காரியாலயத்தில் இருந்த ஒரு அம்மா, முன்பின் அறியாத என்னைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு கட்டமாக வாசித்து நிரப்பித் தந்தார். அவருக்கு அன்றைக்கு அரை மணித்தியாலம் செலவாகியிருக்கும்.

முதல் வருடம் பாஷையோடு பட்ட பாடு பெரிது. நூலகத்தில் ஒரு பிள்ளை 'த்ரூ அப்' செய்துவிட்டான், உடனே வாருங்கள் என்று ரீச்சர் ஒருவர் ஓடி வந்தார். அது வாந்தி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. எதையோ மேலே எறிந்துவிட்டான், கூரையில் சிக்கிக்கொண்டது என்று விளங்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். ரீச்சர் என்னையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். பிறகு வாந்தியின் மேல் போடும் தூளை எங்கே கொட்டுவது, எப்படி அள்ளுவது என்று தானே குனிந்து காட்டித் தந்தார். அந்தக் கதையை இன்னும் பள்ளியில் சொல்லுவார்கள். எனக்கும் அதில் கோபம் இல்லை.

காலை ஆறு மணிக்குக் கதவு திறப்பேன். பனிக்காலத்தில் படிகளில் உப்புப் போடுவேன், பிள்ளைகள் சறுக்கி விழாமல். மத்தியானச் சாப்பாடு முடிந்தபிறகு மேசைகளின் கீழே கிடப்பதை இங்கே எழுத வேண்டாம். கழிவறைகள் ஒரு நாளைக்கு மூன்று தரம். தனித்தனியாகத் தொலைந்த கையுறைகளுக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். துடைத்து ஈரம் காயாத தரையில், மஞ்சள் பலகை வைத்திருந்தும், காலணியோடு நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் காது கேட்காது என்பதுபோல மெதுவாகவும் சத்தமாகவும் பேசுகிற பெற்றோர் இருக்கிறார்கள். ஒருநாள் ஒரு தகப்பன் தன் மகனுக்கு என்னைக் காட்டி, "படிக்காவிட்டால் இப்படித்தான்" என்றார். அது எனக்கு விளங்கியது. ஆனால் அதிபரிலிருந்து பாலர் வகுப்புப் பிள்ளை வரை என்னை மிஸ்ரர் நாதன் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் என்னை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஊருக்கு நான் சொன்னது "பள்ளிக்கூடத்தில் வேலை". பொய் இல்லை. மீதியை ஊர் தானாகவே நிரப்பிக்கொண்டது. அப்பா சந்தைக்குப் போகிற இடமெல்லாம் "மகன் அங்கை படிப்பிக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். நான் ஒருநாளும் திருத்தவில்லை. அவர் அதை நம்பிக்கொண்டே இறந்தார்.

ஏன் திருத்தவில்லை என்றால், இந்த வேலை செய்கிறவரை எங்கள் ஊர் எப்படிப் பார்க்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே அப்படிப் பார்த்தவன்.

3

நான் படித்தது மானிப்பாயிலிருந்து வட்டுக்கோட்டைப் பக்கம் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே மார்க்கண்டு என்று ஒருவர் இருந்தார். அவருக்கு என் அப்பாவின் வயது. எங்களுக்கு அவர் மார்க்கண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் மார்க்கண்டு. "மார்க்கண்டு, இஞ்சை வா." "மார்க்கண்டு, பந்து கூரையிலை, எடுத்துத் தா." அவர் எங்களைத் தம்பி, தங்கச்சி என்பார். வாருங்கோ, போங்கோ என்பார். இது பிழை என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஒரு ஆசிரியரும் எங்களைத் திருத்தவில்லை. அவர் எந்தச் சாதி ஆக்கள் என்பது ஊருக்குத் தெரியும். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை. வாசிக்கிறவர்களுக்கும் தெரியும்.

வகுப்பறைகளை முறை வைத்து நாங்களே கூட்டுவோம். மற்ற எல்லாம் அவர். வளவு கூட்டுவது, மணி அடிப்பது, கக்கூஸ் கழுவுவது. மணி என்று தொங்கியது ஒரு தண்டவாளத் துண்டு. சண்டைக்காலம், மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் மோட்டார் வேலை செய்யாது. கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி, கக்கூசுகளுக்கு வெளியே இருந்த தொட்டியை அவரே நிரப்புவார். எழுநூறு எண்ணூறு பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம். அந்தத் தொட்டி வற்றி நான் பார்த்ததில்லை. அது எப்படி நிரம்புகிறது என்றும் யோசித்ததில்லை. இப்போது குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற கழிவறைகளைக் கழுவும்போதே என் முதுகு நோகிறது.

ஒருமுறை பள்ளிக்கூட மதிலோடு ஒரு ஷெல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பாலர் பிரிவின் கண்ணாடி எல்லாம் உடைந்து, பிள்ளைகள் விளையாடும் மணலில் சிதறிக் கிடந்தது. திங்கட்கிழமை நாங்கள் மாணவ தலைவர்கள் வந்து மேசை கதிரைகளை மற்றக் கட்டடத்துக்கு மாற்றினோம். மார்க்கண்டு மணலில் குந்தியிருந்தார். பெரிய துண்டுகளைக் கையால் பொறுக்கி முடித்துவிட்டு, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிதட்டில் அள்ளி அரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அதே இடத்தில் குந்தியிருந்தார்.

"மணலை ஏன் அரிக்கிறாய்? கூட்டிவிட்டால் போதாதோ?" என்று கேட்டேன்.

"சின்னன்கள் வெறுங்காலோடை ஓடுங்கள் தம்பி" என்றார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதிபர் ஆசிரியர்களுக்கு நன்றி சொன்னார். மேசை கதிரை தூக்கிய மாணவ தலைவர்களுக்கு நன்றி சொன்னார். எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். பள்ளிக்கூடம் கைதட்டியது. நானும் எழுந்து நின்றேன். மார்க்கண்டு மண்டபத்துக்கு வெளியே மணிக்குப் பக்கத்தில் நின்றார், கூட்டம் முடிந்ததும் அடிப்பதற்காக.

4

உயர்தரச் சோதனைக்கு நான்கு மாதம் இருக்கும்போது அவர் என்னிடம் வந்தார். நான் நெல்லி மரத்தின் கீழே இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன்.

"தம்பி, ஒரு சின்ன உதவி."

"என்ன, சொல்லு."

"கந்தோரிலை இருந்து கடுதாசி வந்திருக்காம். என்னைப்போலை நாள்கூலிக்கு நிக்கிற ஆக்களை நிரந்தரமாக்கப் போகினமாம். அதிபர் ஐயா எத்தினை வருசமா நிக்கிறன் எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சுத் தந்திட்டார். இந்தப் படிவத்தை நிரப்பி, ஒரு கடிதமும் எழுதி, தபாலிலை போடோணும். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் தம்பி வரும். உங்கடை எழுத்து நல்ல எழுத்தெண்டு எல்லாரும் சொல்லுவினம்."

"வைச்சிட்டுப் போ. எழுதிப் போடுறன்."

"மாசக் கடைசிக்குள்ளை போய்ச் சேரோணுமாம்."

"ஓமோம்."

சேட்டுப் பையிலிருந்து ஒரு நீளக் கடித உறையை எடுத்தார். முத்திரையும் ஒட்டி வைத்திருந்தார். இரண்டு கையாலும் தந்தார். நான் ஒரு கையால் வாங்கி, பௌதிகவியல் செய்முறைக் கொப்பிக்குள் வைத்தேன்.

அது ஒரு பக்கக் கடிதம். அரை மணித்தியாலத்து வேலை. அந்த மாதம் எங்களுக்குக் கிரிக்கெட் போட்டி இருந்தது. நான் ஆடவில்லை, ஆனால் கொடி தைப்பது, பந்தல் போடுவது எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நின்றேன். கணக்கு வாத்தியார் தன் மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கான கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டார். அதை அன்றைக்கே எழுதி, அவருடைய வீட்டுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்க்கண்டுவின் உறையை நான் வெறுப்பில் வைத்திருக்கவில்லை. அவரை எனக்குப் பிடிக்கும். அவருடைய காரியம் என் மனதில் பாரமாக இருக்கவில்லை, அவ்வளவுதான். வெறுப்பு என்றால்கூட ஒரு பொருட்டாக மதித்ததாக இருந்திருக்கும்.

இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் "நாளைக்கு" என்றேன். மூன்றாம் தரம் கேட்டபோது அடுத்த மாதம் பிறந்து ஒரு கிழமை ஆகிவிட்டது.

"போட்டாச்சோ தம்பி?"

மறந்துபோனேன் என்று சொல்லியிருக்கலாம். அதிபரிடம் போய், பிழை என்னுடையது, பிந்தினாலும் அனுப்பிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். மாணவ தலைவனுக்கு அது பெரிய அவமானம் என்று அந்த நேரத்தில் பட்டது.

"ஓம். போட்டிட்டன்."

"பதிவுத் தபாலிலையோ?"

"ஓம்."

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த நாள் காலமை தன் வேலியில் காய்த்த முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்து தந்தார். அம்மா அதைக் குழம்பு வைத்தா. நான் சாப்பிட்டேன்.

பின்னேரம் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, எங்கள் வீட்டுக் கிணற்றடியில் குப்பையோடு அந்த உறையை எரித்தேன். படிவமும், அவர் எத்தனை வருடம் வேலை செய்தார் என்று அதிபர் எழுதிக் கையெழுத்து வைத்த கடிதமும் அதற்குள் இருந்தன. அடுத்த தவணை அந்த அதிபர் மாற்றலாகிப் போனார். தபால் எப்போது வரும், எப்போது வராது என்று ஒருவருக்கும் தெரியாத காலம். மறுமொழி வரவில்லையே என்று மார்க்கண்டு கேட்டால், "வரும், பொறு" என்பேன். பிறகு பெரிய இடப்பெயர்வு வந்தது. ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நான் அப்படியே கொழும்பு, அங்கிருந்து இங்கே.

5

தை மாதம் அக்காவின் மகளுக்குக் கலியாணம். பேஸ்புக்கிலிருந்து படம் நீக்கப்பட்டதால் சம்பந்தம் குழம்பவில்லை. தாய்மாமன் என்ற முறைக்கு நான் போயே ஆக வேண்டும். அபிரா வரவில்லை. படிப்பு என்றாள். கேட்டுப் பார்த்தேன், திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மண்டபத்தில் அத்தான் என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரிந்தார்.

"இவர்தான் பொம்பிளையின்ரை தாய்மாமன். கனடாவிலை படிப்பிக்கிறார்."

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து கைகொடுத்தார். "நல்லது, நல்லது. என்ன பாடம்?"

"எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்" என்றேன்.

சொன்ன பிறகு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்ல மனிதர், என்னைச் சக ஆசிரியராக நினைத்துக் கதைத்தார். பந்தியில் எனக்கு மூத்தவர்கள் வரிசையில் இடம். எங்கள் பிளாஸ்ரிக் இலைகளை எடுத்துக்கொண்டு போன அம்மாவுக்கு ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. நான் நன்றி என்றேன். என்ன வேண்டும் என்று கேட்கிறேனாக்கும் என்று நினைத்து அவர் நின்றுவிட்டார். அன்றைக்கு முழுக்க மார்க்கண்டுவின் நினைவாகவே இருந்தது.

அடுத்த நாள் வீட்டில் எல்லாரும் கீரிமலைக்குக் குளிக்கப் போனார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி நின்றுவிட்டு, அத்தானின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இரண்டு மாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. முற்றத்தில் ஒரு இளம்பெண் நீலச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முன்னே இங்கே வேலை செய்த மார்க்கண்டு ஐயாவைத் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். 'ஐயா' என்று அவரை நான் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தரம்.

"அவர் செத்து மூண்டு வருசம். மகள் வசந்தியக்கா இருக்கிறா. உந்த ஒழுங்கையாலை போனால் கடைசி வீடு. பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவ."

அந்த வீட்டில் தையல் மெசின் ஓடும் சத்தம் ஒழுங்கை முகப்பிலேயே கேட்டது. வருடத் தொடக்கம், விறாந்தையில் வெள்ளைத் துணி குவிந்து கிடந்தது. நாற்பது வயது தாண்டிய பெண் எழுந்து வந்தார். கண்கள் தகப்பனுடையவை.

"நான் உங்கடை அப்பா வேலை செய்த பள்ளிக்கூடத்திலை படிச்சனான். நாதன். மாணவ தலைவனா இருந்தனான்."

"ஓ... எழுத்து நல்லா எழுதுற நாதனண்ணையோ? அப்பா சொல்லுவார். இருங்கோ, இருங்கோ." கதிரையைத் துடைத்துப் போட்டார். கொஞ்சம் தயங்கினார். "எங்கடை வீட்டிலை தேத்தண்ணி குடிப்பியளோ?"

"குடிப்பன்."

தேத்தண்ணி வந்தது. குடித்தேன். அவர் திரும்ப மெசினுக்கு முன்னால் இருந்துகொண்டு கதைத்தார். இடப்பெயர்வுக்குப் பிறகும் அப்பா அந்தப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போனார். இன்னும் பதினொரு வருடம் நாள்கூலிக்கு. இடுப்பு விழுந்தபிறகு நிறுத்திவிட்டார்கள். ஓய்வூதியம் இல்லை.

"நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிப் போட்டவர். நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள்? தபால்காரர் வாற நேரத்துக்கு ஒழுங்கை முகப்பிலை போய் நிப்பார். வருசக் கணக்கா நிண்டவர். பிறகு விட்டிட்டார். எங்களைப்போலை ஆக்களுக்குக் கந்தோர்க்காரர் தரமாட்டினம் பிள்ளை எண்டு சொன்னவர். உங்களை ஒருநாளும் குறை சொல்லேல்லை. அந்தத் தம்பி வடிவா எழுதித்தான் போட்டது எண்டுவார்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தங்கச்சி, நான் அதைப் போடேல்லை."

மெசின் நின்றது.

"எழுதவும் இல்லை. மறந்துபோனன். நாள் கடந்திட்டுது. பிறகு போட்டிட்டன் எண்டு அவருக்குப் பொய் சொன்னனான். கந்தோருக்கு அப்பிடி ஒரு விண்ணப்பம் போகவே இல்லை."

அவர் கையிலிருந்த துணியை மடித்தார். திரும்ப விரித்தார். அழுவார் என்றோ ஏசுவார் என்றோ நினைத்தேன். இரண்டும் இல்லை.

"அப்ப அவையள் வேண்டாமெண்டு சொல்லேல்லை?"

"இல்லை."

"நான் ஓ.எல். நல்லாச் செய்தனான்" என்றார். குரல் உயரவில்லை. "எட்டுப் பாடமும் பாஸ். ரீச்சர் வந்து கேட்டவ, மேலை படிக்க விடுங்கோ, அரசாங்க வேலை ஏதும் எடுக்கலாம் எண்டு. அப்பா எண்டவர், எங்களுக்கு உதெல்லாம் தரமாட்டினம் ரீச்சர், நான் எழுதிப் பாத்தனான் எண்டு. நானும் அதைத்தான் நம்பினனான். அண்டைக்கு மெசினிலை இருந்தனான். ஒரு விண்ணப்பமும் நான் போடேல்லை அண்ணை. என்ரை சீவியத்திலை ஒண்டுகூடப் போடேல்லை."

எனக்கு அது தெரியாது. ஒரு மனிதனின் ஓய்வூதியத்தைத்தான் எரித்தேன் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவர் மகளிடம் என்ன சொல்வார் என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

"என்னை மன்னிக்கோணும்" என்றேன்.

அவர் கீழே விழுந்திருந்த நூலைப் பொறுக்கிச் சுற்றினார். பிறகு சொன்னார்.

"நீங்கள் அங்கை வாத்தியார் எண்டு ஊரிலை சொல்லுவினம்."

"இல்லை. உங்கடை அப்பா செய்த வேலைதான் நானும் செய்யிறன். பள்ளிக்கூடம் கூட்டுறன், கக்கூஸ் கழுவுறன்."

அதைச் சொன்னால் எங்களுக்குள் ஏதோ சமப்படும் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. அவர் என் சப்பாத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அங்கை நீங்கள் வேலைக்குப் போறியள். பிறகு வீட்டை வந்து வேறை ஆளா இருக்கிறியள். அப்பாவுக்கு அப்பிடி இருக்கேல்லை. கோயில் வாசலிலையும் அவர் அதுதான், கடையிலையும் அதுதான். அது வேறை அண்ணை. அதை இதோடை சேர்க்காதையுங்கோ."

சரியாகத்தான் சொன்னார்.

உள்ளேயிருந்து பாடம் ஒப்புவிக்கும் சத்தம் கேட்டது. அவருடைய மகள், உயர்தரம் படிக்கிறாளாம். வசந்தி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கம்பசுக்கு விண்ணப்பம் போடப்போறன் எண்டு நிக்கிறாள். நானும் அவளுக்கு அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறன், எங்களுக்கு உதெல்லாம் தரமாட்டினம் எண்டு." மடியில் கிடந்த வெள்ளைச் சட்டையின் காலரைத் தடவினார். "இண்டைக்கு அவளுக்குச் சொல்லுவன். உன்ரை அம்மப்பாவை ஒருதரும் வேண்டாமெண்டு சொல்லேல்லை, கடிதம்தான் போகேல்லை எண்டு."

நான் எழுந்தேன். ஏதாவது செய்கிறேன், பிள்ளையின் படிப்புக்கு உதவுகிறேன் என்று சொல்ல வாய் உன்னியது. அந்த வீட்டுக்கு ஒருமுறை வாக்குக் கொடுத்தவன் நான் என்பது ஞாபகம் வர, வாயை மூடிக்கொண்டேன்.

"அப்ப, நான் போட்டு வாறன்" என்றேன்.

எங்கள் ஊரில் பகைவன் வீட்டுக்கு வந்து போனாலும், "ஓம், போட்டு வாங்கோ" என்று, திரும்பி வரச் சொல்லித்தான் அனுப்புவோம். சாவீட்டைத் தவிர வேறெங்கும் ஒரு ஆளை வெறுமனே போகச் சொல்லமாட்டோம்.

வசந்தி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, மரியாதையும் குறையவில்லை.

"போங்கோ" என்றார். மெசின் திரும்ப ஓடத் தொடங்கியது.